கோணி ஊசியில் பற்றவைத்த ரேடியோ

எங்கள் சித்தப்பாவுக்குப் பெண் கொடுக்க விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று முடிவான நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலைதான். ரேடியோ பேசவில்லை.

அந்த ரேடியோ கடையில் வாங்கியது அல்ல. டெல்லியிலிருந்து தபாலில் வந்தது. வந்தபோது அது ரேடியோவாகவும் இல்லை. ஓர் அட்டைப்பெட்டிக்குள் துளைத்துளையாக இருந்த உள்ளங்கை அகலத் தகடு, மூன்று கால் முளைத்த மிளகு மாதிரி டிரான்சிஸ்டர்கள், உடம்பில் கலர் கோடு போட்ட நெல்மணி அளவு ரெசிஸ்டர்கள், ஒரு ஸ்பீக்கர், மூடியோடு ஒரு காலிக் கூடு, சுருட்டி வைத்த ஈயக்கம்பி. எதை எங்கே சொருகிப் பற்றவைக்க வேண்டும் என்று இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளும் கூட வந்தது. பசுவந்தனை தபாலாபீசுக்குப் போய்ப் பார்சலை வாங்கிவந்த சித்தப்பா, ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் அதோடு உட்கார்ந்திருந்தார். வாரக் கடைசியில் பேட்டரியைப் போட்டுத் திருகினார். ரேடியோவும் அவரைப் போலவே யாரிடமும் பேசவில்லை.

கோவில்பட்டியில் ரேடியோ ரிப்பேர் கடை வைக்க வேண்டும் என்பது சித்தப்பாவின் திட்டம். சம்பந்தம் பேசிய தரகர் இதைக் கேள்விப்பட்டு, மாப்பிள்ளை தன் கையாலேயே ரேடியோ செய்து முடித்துவிட்டார் என்று பெண் வீட்டில் சொல்லி வைத்துவிட்டார். முடித்துவிட்டார் என்பது உண்மைதான் என்பதால் தரகரைக் குறை சொல்லவும் வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா ரேடியோவை அலமாரியின் மேல்தட்டில், பழைய பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தார். "யாராச்சும் கேட்டா பேட்டரி தீந்துட்டுன்னு சொல்லிருங்க மதினி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வருகிறவர்களைக் கூட்டிவர அப்பாவோடு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அம்மா முக்காலியைப் போட்டு ஏறி ரேடியோவை இறக்கினாள். மிளகாய் வற்றல் புடைக்கிற சொளவைக் கவிழ்த்து அதன் மேல் வைத்துப் பின்மூடியைக் கழற்றினாள்.

"ஏட்டி, அந்தத் தாளை எடுத்துட்டு வா. நீ எழுத்தைப் படி. நான் உள்ள பாக்கேன்."

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கொஞ்சம்தான். ஆனால் கலர்களின் பெயர் மட்டும் தலைகீழாய்க் கேட்டாலும் சொல்லுவேன். தாளில் இருந்தவை பெரும்பாலும் அவைதான். ரெசிஸ்டரின் உடம்பில் இருக்கும் கோடுகளின் கலரை வைத்துத்தான் எது எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். நான் ஒவ்வொன்றாகப் படித்து அர்த்தம் சொன்னேன். அம்மா சாக்குத் தையலைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வோர் இடமாக விரலை வைத்துக்கொண்டே வந்தாள். நான்காவது இடத்தில் விரல் நின்றது.

"என்னமோ பச்சைன்னு சொன்ன. இங்கன கடைசிக் கோடு செவப்பால்லா இருக்கு."

திரும்பப் படித்தேன். பச்சையேதான். அந்தப் பச்சையைத் தேடினால், சிவப்பு இருக்க வேண்டிய வேறோர் இடத்தில் அது இருந்தது. இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. அம்மா தகட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். எனக்கானால் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம் சித்தப்பா தேடிய தப்பை நாங்கள் ஒரு நாழிகையில் பிடித்துவிட்டோம்.

பிடித்துவிட்டோமே தவிர, எடுத்து மாற்றி வைக்க வேண்டுமே. சித்தப்பாவின் பற்றவைப்புக் கோலை பிளக்கில் சொருகினால் கரண்ட் இல்லை. எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கரண்ட் எப்போது போகும் என்பது யாருக்கும் தெரியாது. எப்போது வரும் என்பது அதைவிடத் தெரியாது. அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். வற்றல் மூட்டை தைக்கிற கோணி ஊசிகள் இரண்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பருத்திமார் விறகு எரிந்து கங்காய்க் கிடந்த அடுப்பில் இரண்டையும் சொருகினாள்.

காலில் தைத்த முள்ளை எடுக்கிற முள்வாங்கியால் ரெசிஸ்டரைப் பிடித்து இழுப்பது என் வேலை. அம்மா பழுத்த ஊசியைத் துணியால் பிடித்துவந்து ஈயப்பொட்டின் மேல் வைப்பாள். ஈயம் கண்ணீர்த்துளி மாதிரி பளபளத்து இளகும். "இழுட்டி!" என்பாள். நான் இழுப்பேன். ஊசி ஆறிப்போனால் அடுத்த ஊசி. முதல் ரெசிஸ்டர் முழுசாக வந்துவிட்டது. இரண்டாவதை நான் அவசரப்பட்டு இழுத்ததில் ஒரு கால் பாதியில் ஒடிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அம்மா திட்டவில்லை. பழைய வயரின் தோலை உரித்து ஓர் இழையை எடுத்து, ஒடிந்த காலில் பூக்கட்டுகிற மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி ஈயம் வைத்தாள். குங்கிலியம் போட்ட மாதிரி வீடெல்லாம் ஒரு வாசனை. பச்சைக்கோடு அதன் இடத்துக்கும் சிவப்புக்கோடு அதன் இடத்துக்கும் போய்ச் சேர்ந்தபோது, "அந்தா வந்துட்டாவ!" என்று தெருவில் சத்தம் கேட்டது.

பேசுகிறதா என்று பார்க்க நேரமில்லை. அம்மா டார்ச் லைட்டிலிருந்த பேட்டரிகளைக் கழற்றி உள்ளே போட்டு மூடி, ரேடியோவை நடுவீட்டு முக்காலியின் மேல் வைத்துவிட்டாள்.

உள்ளே நுழைந்த சித்தப்பா அதைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். பெண்ணின் அப்பா ஆட்டுமந்தை வைத்திருந்தவர். நெட்டையாக, அதிகம் பேசாதவராக இருந்தார். காப்பியைக் குடித்து முடித்து டம்ளரை வைத்துவிட்டு, "இதானா அது? போடுங்க, கேப்போம்" என்றார்.

"அது வந்து... பேட்டரி..." என்று சித்தப்பா தொடங்கினார்.

"வேற பேட்டரி போட்டிருக்கேன் தம்பி, திருகுங்க" என்று அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் கொடுத்தாள்.

சித்தப்பா பாம்புப் புற்றில் கைவிடுகிறவர் மாதிரி திருகினார். முதலில் மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருவது போல ஒரு குரல் வந்து, பளிச்சென்று நடுவீட்டில் நின்றது. அது பாட்டுப் பாடவில்லை. செம்மறி ஆடுகளின் குடலைத் தாக்கும் துள்ளுமாரி நோய் வராமல் காப்பது எப்படி என்று பேசியது.

பெண்ணின் அத்தை ஏதோ கேட்க வாயெடுத்தாள். பெண்ணின் அப்பா கையை உயர்த்தி அவளை அமர்த்தினார். சம்பந்தம் பேச வந்த இரண்டு வீட்டாரும், வாசலில் கூடிவிட்ட தெருவும், ஆட்டுக்குடலைப் பற்றிக் கடைசிவரை மூச்சுவிடாமல் கேட்டோம். பேச்சு முடிந்ததும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒபயோகமாத்தான் பேசுது" என்றார். அன்று மதியமே நாள் குறித்துவிட்டார்கள். வாசலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ரேடியோவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அதன் பக்கத்திலேயே, அதைப் பெற்றவள் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

பெண் வீட்டார் போனதும் சித்தப்பா அடுப்படி வாசலுக்கு வந்தார். "என்ன மதினி செஞ்சீங்க?"

"ஈயம் ஒரு எடத்துல ஒட்டாம நின்னுச்சு தம்பி. அவ்வளவுதான்" என்றாள் அம்மா, திரும்பாமலே.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வெற்றியை அம்மா இப்படிச் சுருக்கிவிட்டாளே! "இல்ல சித்தப்பா, பச்சை இருக்க வேண்டிய எடத்துல நீங்க செவப்பை வச்சிருந்தீங்க. நான்தான் படிச்சேன்" என்று கத்தினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரியவில்லை.

சித்தப்பா ரேடியோவின் மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தார். முந்தின வருஷம் ரயில்வே வேலைக்குப் போன அவரை மெடிக்கல் டெஸ்டில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உயரம் போதாது என்று வீட்டில் சொல்லியிருந்தார். சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரிகிற கண்கள் உலகத்தில் உண்டு என்பதை நான் வெகுகாலம் கழித்துப் பாடப்புத்தகத்தில்தான் படித்தேன்.

"இதுல எது பச்சை?" என்று கேட்டார்.

தொட்டுக் காட்டினேன்.

"செவப்பு?"

அதையும் காட்டினேன். மற்ற ஒவ்வொன்றையும் கேட்டார். தப்பில்லாமல் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்கிற மாதிரி, தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்று அந்தப் பரீட்சையில் முழு மார்க் வாங்கியதை மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.