முப்பத்தொரு விநாடி

கட்டிங் மாஸ்டர் எங்கள் சீட்டாட்டக் கழகத்தில் சேர்ந்து இது இருபத்தோராவது ஆண்டு. இத்தனை ஆண்டுகளில் அவர் வராத சனிக்கிழமைகள் ஒன்பது. நான்கு பித்தப்பை அறுவைக்குப் போனவை, இரண்டு மகளின் பிரசவத்துக்கு. மீதி மூன்றுக்கும் காரணம் என் பதிவேட்டில் இல்லை. அவரும் சொன்னதில்லை. நடுவர் வேலையும் மதிப்பெண் எழுதும் வேலையும் என்னிடம் இருந்ததால் இந்த விவரம் என்னிடம் இருக்கிறது.

அவர் ஒரு தையற்கடையின் பின்னறையில் துணி வெட்டுபவர். சுண்ணக்கட்டியால் கோடு போடுவார். ஆனால் கத்தரியைக் கோட்டின் மேல் ஓட்ட மாட்டார், அரை விரல் வெளியே தள்ளித்தான் ஓட்டுவார். துணி வீணாகிறது என்று முதலாளி முணுமுணுக்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "உள்ள வெட்டிட்டா யாராலயும் ஒட்ட முடியாது. வெளிய வெட்டினா பிடிச்சுத் தைச்சுக்கலாம்."

பிரிட்ஜ் என்னும் சீட்டாட்டத்தில் அவருடைய கூட்டாளி மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்டைத் தொடுவதற்கு முன் கதவில் காதை வைத்துச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நிற்பவர். சீட்டிலும் அதே குணம். கையைப் பார்ப்பார், கூரையைப் பார்ப்பார், பிறகுதான் வாய் திறப்பார். ஆட்டம் முடிந்ததும் மாஸ்டர் கேட்பார்: "என்ன மாப்ளே, லிஃப்ட் மேல வந்துச்சா, நடுவுல மாட்டிக்கிச்சா?"

"உங்கள ஏத்திட்டு வர்றதுன்னா லேட்டாத்தான் மாமா ஆகும்."

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. எந்த ஜாதிச் சீட்டை வெட்டுச் சீட்டாக வைத்து, பதின்மூன்று சுற்றில் எத்தனை பிடிப்போம் என்று முதலில் ஏலம் கேட்பார்கள். கூட்டாளிக்குச் சொல்ல வேண்டியதை அந்த ஏலத்தால் மட்டுமே சொல்லலாம். முகத்தாலும் குரலாலும் சொல்லக் கூடாது. தயக்கத்தாலும் கூடாது. ஒருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, ஏலம் கேட்கவில்லை என்ற பொருளில் 'பாஸ்' என்றால், அவரிடம் ஏதோ இருக்கிறது என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொண்டு ஆட வேண்டும். இந்த ஆட்டத்தில் கடினமானது அதுதான்.

மாமாவும் மாப்பிள்ளையும் பத்தொன்பது ஆண்டுகள் ஜோடியாக ஆடினார்கள். எந்தக் கைக்கு எதைக் கேட்பது என்று தங்களுக்குள் பேசி ஒரு சிறு நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அதற்கு மாஸ்டர் கோட்டுக்குள் வைக்கும் லைனிங் துணியால் ஓர் உறை தைத்திருந்தார். அது அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கும்.

பத்தொன்பதாவது ஆண்டுதான் முதல்முறையாக ஆண்டுக் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு வந்தார்கள். எதிர்க் கட்சியில் பல் டாக்டரம்மாவும் அவர் கணவரும். இறுதிச் சுற்றில் மேசையருகே நின்று நேரம் குறிப்பது என் வேலை.

கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் டாக்டரம்மா எடுத்த எடுப்பிலேயே நான்கு ஸ்பேட், அதாவது ஸ்பேடை வெட்டாக வைத்துப் பத்துச் சுற்றுப் பிடிப்போம், என்றார். அப்படிப் பெரிய ஏலம் வந்தால் அடுத்தவர் பத்து விநாடி நிதானித்துச் சொல்வது முறை. மைத்துனர் முப்பத்தொரு விநாடி எடுத்துக்கொண்டார். பிறகு பாஸ் என்றார். டாக்டரம்மாவின் கணவரும் பாஸ். மாஸ்டரிடம் ஒரு ஸ்பேட் கூட இல்லை. ஹார்ட் ஏழு இருந்தது, ஏஸ், ராஜா, ராணியோடு. டைமண்ட் ஏஸும் இருந்தது. ஐந்து ஹார்ட் என்று கேட்டிருந்தால் ஜெயித்திருப்பார்கள். மாஸ்டர் சீட்டுகளை அடுக்கினார். பாஸ் என்றார்.

கோப்பை மூன்று புள்ளியில் போயிற்று.

"ஏழு ஹார்ட்ட கைல வச்சுக்கிட்டு பாஸா மாமா?"

"நீ ரொம்ப நேரம் யோசிச்சிட்ட மாப்ளே. அதுக்கப்புறம் நான் கேட்டா, நீ யோசிச்சதப் பாத்துதான் கேட்டேன்னு ஆயிடும்."

"அப்ப நான் சைகை காட்டினேன்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லல."

"வாயால சொல்லல. சீட்டால சொல்லிட்டீங்க."

டாக்டரம்மா, "எங்களுக்கு அப்படி ஒண்ணும் தோணலயே. நடுவரக்கூட கூப்பிடலயே நாங்க" என்றார், நல்ல எண்ணத்தோடுதான். அதுவே எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஆயிற்று.

"கேட்டுக்குங்க. எதிராளிக்கே சந்தேகம் வரல. பத்தொம்பது வருஷம் கூட ஆடினவருக்கு வந்துடுச்சு." மைத்துனர் நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருவதும் நின்றது. மாஸ்டர் மட்டும் ஐந்தரைக்கு வந்து, மூன்றாம் மேசையில் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்காருவார். தனியாக வந்த யாருடனாவது ஜோடி சேர்ந்து ஆடுவார். உறை போட்ட நோட்டை வெளியே எடுக்க மாட்டார். எல்லோரும் ஆடும் பொதுமுறையில் ஆடுவார். எவராவது சிறிது யோசித்தால் போதும், மாஸ்டரின் கண் மேலே போகும், எதையோ எதிர்பார்ப்பது போல. பிறகு எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தாழும்.

அவர் மனைவி கழகத்துக்கே தொலைபேசி செய்து என்னிடம் சொன்னார்: "கதவப் பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் ஏன் வரணும்னு அவர்கிட்ட கேளுங்க. எங்க வீட்லயும் கதவு இருக்கு. என் தம்பி அதுலயும்தான் வரல."

பதினான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு, நான் சீட்டுக்கட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் அஞ்சு ஹார்ட் கேட்டு, அவங்க உங்களக் கூப்பிட்டிருந்தா, என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீங்க?"

பதில் என் பதிவேட்டிலேயே எழுத்தில் இருந்தது. இறுதிச் சுற்று முடிந்த மறுவாரமே அந்தக் கையை ஐந்து ஆட்டக்காரர்களிடம் தனித்தனியாகக் காட்டியிருந்தேன். தயக்கத்தைப் பற்றிச் சொல்லவில்லை, சீட்டையும் நான்கு ஸ்பேடையும் மட்டும் சொன்னேன். இத்தகைய தீர்ப்புக்கு அதுதான் முறை. ஐவரும் ஐந்து ஹார்ட் என்றார்கள். தயக்கத்தைப் பார்க்காமலே எவரும் கேட்கக்கூடிய ஏலத்தைக் கேட்க விதி தடை சொல்வதில்லை. தீர்ப்பை யாரும் கேட்காததால் நான் சொல்லவில்லை. கேட்காத தீர்ப்பை நடுவர் சொல்வது கழகத்தின் வழக்கம் அல்ல. அந்த வழக்கத்தைப் பதினான்கு மாதம் காப்பாற்றினேன்.

பக்கத்தைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். இரண்டு முறை படித்தார்.

"விதி இவ்வளவு தூரம் விட்டிருக்கு. நான்தான் இன்னும் தள்ளி வெட்டிட்டேன்" என்றார். பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளி, "உங்க நோட்ட எடுத்துட்டு என்கூட மாப்ளேகிட்ட வருவீங்களா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை பகல் இடைவேளையில் போனோம். ஆறு மாடிக் கட்டடம். லிஃப்ட் பழுது, அதனால் நூற்றெட்டுப் படி ஏறினோம். உச்சியில், இயந்திர அறையில், மைத்துனர் கிரீஸ் கையோடு நின்றிருந்தார். மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. நான் பதிவேட்டை அந்தப் பக்கத்தில் திறந்து நீட்டினேன். கறை படாமலிருக்க அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படித்தார்.

"அஞ்சு பேருமா?"

"அஞ்சு பேரும்" என்றேன்.

"பதினாலு மாசமா உங்க நோட்டுல இருந்துச்சு. இவர் கேக்கல, நீங்க சொல்லல. நல்ல கழகம் சார்."

மாஸ்டர் சொன்னார்: "நீ யோசிச்சது தப்பில்ல மாப்ளே. நான் பாஸ் சொன்னதுதான் தப்பு. உன்ன நான் சந்தேகப்படல. ஊரு படுமோன்னு பயந்தேன்."

மைத்துனர் இயந்திரத்தின் பக்கம் திரும்பி நின்றார். அவர் யோசித்த நேரத்தை அன்று நான் குறிக்கவில்லை.

"வெளிய வெட்டினா பிடிச்சுத் தைச்சுக்கலாம்னு சொல்வீங்களே மாமா."

"அதுக்குத்தான் படியேறி வந்திருக்கேன்."

"சனிக்கிழமை எத்தனை மணி?"

"அதே அஞ்சரை."

வந்தார். அந்த ஞாயிறே அக்கா வீட்டில் சாப்பிட்டார் என்றும் அறிந்தேன். மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து உறை போட்ட நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாம் முன்போலவே இருக்கும் என்று நினைத்தோம். முதல் ஏலம் வந்தது. மைத்துனர் மூன்று விநாடியில் பாஸ் என்றார். அடுத்ததற்கும் மூன்று. நல்ல கைக்கும் மூன்று, மோசமான கைக்கும் மூன்று. கூரையை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. அன்று பதினான்கு ஜோடிகளில் பதினான்காவதாக வந்தார்கள்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லேன் மாப்ளே."

"வேணாம் மாமா. நான் யோசிச்சா அப்புறம் நீங்க யோசிப்பீங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாஸ்டரும் சிரித்தார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு சனிக்கிழமை கூட இருவரும் தவறவில்லை. எதிர் நாற்காலியில் ஆள் இருந்தும் மாஸ்டரின் கண் இன்னும் எதையோ தேடிக்கொண்டுதான் இருக்கிறது. ஏலம் முடிந்த பிறகும் சில நேரம் மேலே பார்த்துவிட்டுத்தான் சீட்டைப் போடுகிறார். அவர் கேட்டுக்கொண்டதால் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். அன்றன்று மைத்துனர் எடுத்துக்கொண்ட மிக நீண்ட நேரத்தை அதில் எழுதுகிறேன். நெடுநாள் மூன்றாகவே இருந்தது. பிறகு நான்கு.

நேற்று விளக்குகளை அணைக்கும் முன் மாஸ்டர் வழக்கம்போல் என்னிடம் வந்தார்.

"இன்னைக்கு?"

"ஆறு விநாடி. ஒன்பதாவது ஆட்டத்தில்."

"போன வாரம் அஞ்சுதானே?"

"ஐந்து."

அவர் அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். படிக்கட்டிலிருந்து மைத்துனர் குரல் கொடுத்தார்: "அங்க என்ன மாமா ரகசியம்?"

"ஒண்ணுமில்ல மாப்ளே" என்றார் மாஸ்டர், உறை போட்ட நோட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே. "லிஃப்ட் மேல வருதான்னு கேட்டேன்."