மூன்றாம் ஓலை

லூர்துமேரி ஜெபத்தில் உட்கார்ந்தால் கேட்டது கிடைக்கும் என்று திண்டிவனத்தை ஒட்டிய அந்தக் காலனியில் ஒரு பேர் உண்டு. பதினைந்து வீடுகள் சேர்ந்து வாராவாரம் கூடுகிற அன்பியத்தில் மன்றாட்டு சொல்வது அவள்தான். மல்லாட்டை மில்லில் கூட உட்கார்ந்து சொத்தை வேர்க்கடலைப் பருப்பு பொறுக்குகிற பெண்கள், கோயிலுக்கே வராதவர்கள்கூட, "எக்கா, எம் மருமவளுக்கும் ஒரு வார்த்த சேத்து சொல்லிடு" என்பார்கள்.

அவள் தனக்காக மூன்று வருஷம் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்று: மகன் அந்தப் பெண்ணை விட்டுவிட்டு வர வேண்டும்.

மகன் ஆரோக்கியராஜ் ஏசி மெக்கானிக். புதுச்சேரியில் வேலை பார்த்தபோது கோட்டக்குப்பத்தில் குடியிருந்த வேணியை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டான். துணிக்கடையில் வேலை செய்கிற பெண்; வேறு சாமி கும்பிடுகிற வீடு. விஷயம் வீட்டு வாசலைத் தாண்டாமல் லூர்துமேரி பார்த்துக்கொண்டாள். சென்ட்ரிங் வேலைக்குப் போகிற அவள் புருஷன் சவுரிராயன், "கட்டினவன் வாழட்டும், நாம யாரு" என்று சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

போன செப்டம்பரில் அவன் ஒரு பையோடு வந்து நின்றான். "எல்லாம் முடிஞ்சி போச்சும்மா. மெட்ராஸ்ல வேல பாத்துக்கினேன், வாராவாரம் வந்துடறேன்" என்றான். எப்படி முடிந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் முடிந்தது முடியாததாகிவிடுமோ என்ற பயம். அன்றைக்கே மாதாவுக்கு மாலை வாங்கிப் போட்டாள்.

ஈஸ்டர் கழிந்ததும் காணை ஊர்ப் பக்கத்திலிருந்து பெண் அமைந்தது. அன்புச்செல்வி, நர்ஸ் படித்தவள். கல்யாண விசாரணையில் பங்குச் சாமியார், இதற்கு முன் திருமணம் உண்டா என்று கேட்டார். ஆரோக்கியராஜ் "இல்ல சாமி" என்று கையெழுத்துப் போட்டான். பக்கத்து நாற்காலியில் இருந்த லூர்துமேரி சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை. பூசை முடிவில் சாமியார் மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று முடித்தார். இன்னும் இரண்டு ஞாயிறு இப்படிப் படித்தாக வேண்டும். அதுவரை அந்த வரியை ஆயிரம் முறை கேட்டிருப்பாள். அன்று அது அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை மில்லில் இருந்தபோது போன் வந்தது.

"அத்த, வேணி பேசறேன். வச்சிடாதீங்க. அவருக்கு ஒடம்பு நல்லாருக்குதா? பத்து நாளா லைன் போவல. மெட்ராஸ்ல லேடீஸ கூட்டிக்கினு வரக்கூடாத ரூம்னு சொன்னாரு. நான் வரல, அட்ரஸ் மட்டும் குடுங்க. சட்ட எடுத்து வச்சிருக்கேன், அனுப்பிவிட்டுடறேன்."

"எனக்குத் தெரியாது" என்று சொல்லிப் போனை வைத்தாள். அன்று அவள் பொறுக்கின முறத்தில் சொத்தையும் நல்லதும் கலந்து கிடந்ததாக மேஸ்திரி கத்தினான்.

சனிக்கிழமை மகன் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்சி போச்சின்னியே, அது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமாடா?"

"தானா தெரிஞ்சிக்குவா, உடு."

"கோர்ட்ல எழுதிக் குடுத்தியா?"

"எம்மா, மூணு வருசமா வேணாம் வேணாம்னு அழுதது யாரு? நீ கேட்டதத்தான குடுத்தேன். இப்ப வந்து பேஜாரு பண்ணிக்கினு."

செவ்வாயிலிருந்தே ராத்திரிச் சோற்றை விட்டிருந்தாள். தன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டாள். கோயிலைக் கூட்டுகிறவளிடம் துடைப்பத்தைப் பிடுங்கித் தானே கூட்டினாள். கடவுள் கேட்டது ஒன்று. அவள் கொடுத்துக்கொண்டிருந்தது மற்ற எல்லாம்.

அன்று சாயங்காலமே, பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்கால் போட்டாள். சல்லடைக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது. ரிஜிஸ்டர் ஆபீஸ், வேணி, போன், காலண்டர், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். கொட்டினதும் எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு நேராக வந்தது. சாமியாருக்குத் தெரிந்துவிட்டது, இனி அவர் பாடு. நாளைக்கு ஓலையை அவரே நிறுத்திவிடுவார். மகனிடம், "எனக்கென்னா தெரியும், சாமிக்கு எவனோ சொல்லியிருக்கான்" என்று சொல்லிவிடலாம். அந்தப் பக்கமிருந்து சாமியார், "இதையே நான் இருக்கிற பங்களாவுக்கு வந்து எங்கிட்ட சொல்லுங்கம்மா" என்றார். சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தாள்.

மறுநாள் பூசை முடிந்தது. சாமியார் தாளை எடுத்தார். "இரண்டாம் முறையாக அறிவிக்கப்படுகிறது" என்று தொடங்கி, மகன் பேரையும் அன்புச்செல்வி பேரையும், ஒரு எழுத்து தடுக்காமல், போன வாரத்துக் குரலிலேயே படித்தார். அவர் கண் அவள் பக்கம் வரவே இல்லை.

கூட்டம் கலையும் முன்பே அவரை மறித்தாள்.

"என்னா சாமி, நேத்து அவ்வளவு சொன்னேனே?"

"நேத்து நீங்க எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியேம்மா."

"சாமி!"

சாமியார் குரலைத் தாழ்த்தினார். "தொட்டியில பேசறது ஆண்டவர்கிட்ட. அத வச்சிக்கினு நான் வெளிய ஒரு விரலக்கூட அசைக்க முடியாது. எனக்குத் தெரியணும்னா எனக்குச் சொல்லணும். பங்களா கதவு தொறந்துதான் இருக்குது."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சாமியார் மேல் கோபம் வந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று தெரிந்ததும் கோபம் போக இடமில்லாமல் உடம்பெல்லாம் சுற்றியது. யாருக்கும் தெரியாமல் சொல்லி, யாரோ செய்த மாதிரி நடந்துவிட வேண்டும் என்றல்லவா அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

பங்களாவுக்குப் போய்ச் சொல்லலாமா வேண்டாமா என்று புதன்கிழமை அவள் சீட்டுப் போட்டாள். நல்ல காரியம் எதற்கும் அந்தத் தெருவில் மாதா சுரூபத்தின் முன் இரண்டு சீட்டு சுருட்டிப் போட்டு ஒன்றை எடுப்பார்கள். எடுத்ததைப் பிரித்தாள்: 'வேண்டாம்.' அப்பாடா என்று தரையில் உட்கார்ந்தாள்.

வேலையிலிருந்து திரும்பியிருந்த சவுரிராயன் மீதிச் சீட்டை எடுத்துப் பிரித்தார். எழுத்துக்கூட்டி வாசித்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"ஏ மேரி, இதுலயும் வேண்டாம்னுதான் போட்டிருக்குது."

"இருக்காது, குடுங்க."

"நீயே பாரு. ஏன்டி, ஆண்டவருக்கு வேற வழியே வெக்கலியா நீ?"

வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். எழுதும்போது தெரிந்தா எழுதினாள், தெரியாமலா? அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. முகம் சுட்டது.

"என்னா வேணாம்?" என்றார் அவர். வேணி போன் பண்ணினதை அப்போதுதான் அவருக்குச் சொன்னாள். அவர் சிமெண்டு காய்ந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டார்.

"போய்ச் சொன்னா பையன் நம்ம கூட இருக்க மாட்டான்" என்றார்.

"ஆமாங்க."

"சொல்லலேன்னா?"

அவள் இரண்டு சீட்டையும் கிழித்துப் போட்டாள்.

"நீ போறதுன்னா போ. நான் தடுக்கல. என்னால வர முடியாது, அவ்வளவுதான்."

சனிக்கிழமை மதியம் மகன் வந்தான். "கோயில் வரைக்கும் வண்டியில உட்டுட்றா" என்றாள். பூ அலங்காரத்தைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று நினைத்து அவன் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டினான். முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவன் சட்டைக் காலரில் படிந்திருந்த வேர்வையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்ல எத்தனையோ இடம் இருந்தது. ரயில்வே கேட்டில் வண்டி தானாகவே நின்றது. ஒரு சரக்கு ரயில் முழுக்கப் போய் முடிகிற வரை நின்றது. அவள் இறங்கவில்லை.

பங்களாவில் சாமியார் அவளை உட்கார வைத்து, முதல் தடவை கேட்கிறவர் போல எல்லாவற்றையும் கேட்டார். எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"ஓலை நின்னுடும். பொண்ணு வீட்டுச் சாமியாருக்கு இப்பவே போன் பண்ணிட்றேன். தம்பிகிட்ட நான் பேசட்டுமா?"

"வேணாம் சாமி. அவன் வெளியதான் நிக்கிறான். நானே சொல்லிட்றேன்."

வேப்பமர நிழலில் வண்டி மேல் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். "ஜல்தி ஏறும்மா, மண்டபத்துக்காரன் அஞ்சு மணிக்கு வரச் சொன்னான்."

"மண்டபம் வேணாம்டா. சாமிகிட்ட சொல்லிட்டேன்."

"என்னாத்த?"

"நீ கல்யாணம் ஆனவன்னு."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "யார் கேட்டா உன்ன? யாராவது கேட்டாங்களா?" என்றான். குரல் ஏறி உடைந்தது. "எனக்கு அம்மாவே இல்லன்னு நெனச்சிக்கினு போறேன்." வண்டி சீறிக்கொண்டு போனது. அவள் கைப்பை வண்டியிலேயே மாட்டியிருந்தது. பஸ்ஸுக்குக்கூடக் கையில் காசில்லாமல் அந்த வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்தாள். சமாதானம் வரும் என்று பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டிருக்கிறாள். வரவில்லை. ஆனால் எங்கே போகிறோம் என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. பெண் வீட்டிலிருந்து விடிந்தது முதல் போன். அன்புச்செல்வியின் அப்பா கேட்ட கேள்விகளையெல்லாம் சவுரிராயன் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டார். லூர்துமேரி வழக்கமான முன்வரிசையிலேயே போய் உட்கார்ந்தாள். சாமியார் அறிவிப்புகளைப் படித்தார்: நோயில் பூசுதல் யாருக்கு, மாதா கெபி வேலைக்கு ஆள் யார், மறைக்கல்வி வகுப்பு எப்போது. தாளை மடித்தார். ஓலை இல்லை. பின்வரிசைகளில் ஒரு சலசலப்பு ஓடி அவள் முதுகை வந்து தொட்டது.

வெளியே வந்ததும் முதலில் பிடித்தது மில்லில் கூட வேலை செய்கிற அஸ்வினி. "என்னாக்கா, மூணாவது ஓலை படிக்க மறந்துட்டாரா சாமி? போய்க் கேளுக்கா, இப்ப வெளிய வந்துடுவாரு."

அதற்குள் நான்கைந்து பேர் சூழ்ந்துவிட்டார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லி நழுவிவிட இன்னும் வழி இருந்தது. தாளில் சிக்கல், தேதி மாற்றம், எது சொன்னாலும் நம்புவார்கள், சொல்வது லூர்துமேரி.

"மறக்கல. நான்தான் படிக்க வேணாம்னு சொன்னேன். எம் மவனுக்குப் பொண்டாட்டி இருக்குது. மூணு வருசத்துக்கு மேல இருக்குது. நான்தான் மறச்சி வச்சிருந்தேன்."

யாரோ ஒருத்தி "ஏசுவே" என்றாள்.

"பேரு என்னாக்கா?" என்று அஸ்வினிதான் மெல்லக் கேட்டாள்.

"வேணி."

"இப்ப என்னா பண்ணப் போற?"

"தெர்ல" என்றாள் லூர்துமேரி. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டு இருக்கிற திசையில் நடந்தாள். "கோட்டக்குப்பம் போய்ட்டு வர்றேன், எங்க வூட்டுக்காரரு கேட்டா சொல்லிடு."