பிலோமினா அக்காள் காலில் இருந்த சூடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் வந்துவிட்டது. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் கேட்டதால் எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் கம்பெனியில் ஊறுகாய் ஜாடி செய்வார்கள். சூளையிலிருந்து இறங்கிய ஜாடியை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதுதான் சார்ட்டிங். ‘ணங்’ என்றால் நல்லது. ‘தொப்’ என்றால் எங்கோ கீறல். எனக்குப் பக்கத்தில் உட்காரும் பிலோமினா அக்காளுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விடக் காது கூர்மை.

ஒரு நாள் மங்கலம்பேட்டைக் கடைக்கார பாய் ஜாடியும் கையுமாக வந்து நின்றார்.

“யாரும்மா இத தட்டிப் பாத்தது? எண்ணெயெல்லாம் ஒழுகி அலமாரி பாழாப்போச்சு. எங்க வூட்ல என்னையே ஊறுகா போட்டுருவாங்க போலிருக்குது.”

நாங்கள் சிரித்தோம். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. ஜாடியை அக்காளிடம் நீட்டினார். அவள் தட்டினாள்.

“நல்லாத்தான இருக்குது” என்றாள்.

அந்த ‘தொப்’ வாசல் வரைக்கும் கேட்டது.

“சார்ட்டிங் இனிமே வேணாங்க. அடுத்த வாரத்துலருந்து பேக்கிங்குக்குப் போயிடுங்க” என்றார் சூப்பர்வைசர்.

பேக்கிங் என்றால் நாள் முழுக்க நிற்க வேண்டும். அக்காளின் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முன்பக்கமாக வில் மாதிரி வளைந்திருந்தது. வலியில் விந்தி விந்திதான் நடப்பாள். பேக்கிங்குக்கு அனுப்புவதும் வேலையை விட்டு அனுப்புவதும் அவளுக்கு ஒன்றுதான்.

தொட்டால் அந்தக் கால் சுடும். சூளை வாசலில் பல வருஷம் வேலை பார்த்தவள் என்பதால் சூடு காலில் இறங்கிவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதற்கு வைத்தியமும் நாங்களே. சாப்பாட்டு நேரத்தில் குழைத்த வெள்ளைக் களிமண்ணைக் காலில் பூசிவிடுவோம்.

“ஒரு காலுக்கு மட்டும் பவுடர் போட்டா நல்லாவா இருக்குது? இன்னொண்ணு கோவிச்சுக்கும்டி” என்பாள். அதனால் இரண்டிலும் பூசுவோம்.

அந்த வாரம் ரிப்பேருக்காகச் சூளையை அணைத்திருந்தார்கள். அப்போதும் ஒரு நாள் பூசினோம். இடது காலில் மண் ஈரமாகவே இருந்தது. வலது காலில் அதற்குள் காய்ந்து வெடித்துவிட்டது.

“அக்கா, சூளையே எரியல. இந்தச் சூடு எங்கருந்து வருது?” என்றேன்.

“என்னடி கேக்குற?” என்றாள். மறுபடி சொன்னேன். அதுவும் அவள் காதில் விழவில்லை.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார்கள். காலுக்கும் தலைக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்.

“எலும்பு பழசைக் கரைச்சிட்டு புதுசைக் கட்டிக்கிட்டே இருக்கும்மா. எல்லாருக்கும் அப்படித்தான். இவங்களுக்குச் சில இடத்துல மட்டும் அது கன்னாபின்னான்னு அவசரமா நடக்குது. அவசரத்துல கட்டுன எலும்பு பெருசா இருக்கும், பலமா இருக்காது, வளையும். ரத்த ஓட்டம் அங்க ஜாஸ்தி, அதான் சுடுது. தலை எலும்புலயும் இருக்குது, காது மந்தமானது அதனாலதான். பேஜட் நோய்னு பேரு. ஒட்டாது, பயப்படாதீங்க.”

“சூளையால வந்ததா டாக்டர்?”

“இல்லம்மா. எதனால வருதுன்னு முழுசாத் தெரியல.”

சொட்டு சொட்டாக ஒரு ஊசி ஏற்றினார்கள். சில மாதத்தில் சூடு தணிந்தது, வலி குறைந்தது. வளைந்த கால் நிமிரவில்லை. போன காதும் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததுமே, பேக்கிங்குக்கு மாற்றும் முன்பே, டாக்டரம்மா சொன்னதைச் சூப்பர்வைசரிடம் ஒப்பித்தேன். “அப்ப உக்காந்து செய்யிற வேலையாக் குடுத்துடலாங்க” என்றார். சூளைக்குப் போகுமுன் ஜாடியின் அடியில் வழிந்த கிளேஸை, அதாவது பளபளப்புப் பூச்சை, ஈர ஸ்பாஞ்சால் துடைக்கும் வேலை. முதல் நாள் அக்காள் அங்கிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்:

“ஏண்டி, கொஞ்சம் பலமாத்தான் தட்டேன்! இங்க ஒண்ணுமே கேக்கல!”

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எனக்குத்தான் தட்டக் கை வரவில்லை.

நான் கற்றது இவ்வளவுதான். உடம்பில் வருவதையெல்லாம் வேலையின் மேல் போட்டுவிட்டு, நாமே மண் பூசிக்கொண்டு உட்காரக் கூடாது.

நோயைப் பற்றி எழுதியதில் பிசகு இருக்கலாம். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துக் கொடுங்கள். பிலோமினா அக்காளிடமே கேட்பதானால், எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகக் கேளுங்கள். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள்.