மாதிரி ஓட்டு ஐம்பது

திண்டுக்கல்லில் கணக்கு டீச்சராக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய டெய்சிக்கு, முன்பின் தெரியாத ஆட்களோடு வேலை செய்வதென்றாலே பற்றிக்கொண்டு வரும். தேர்தல் வேலையில் அதுதான் விதி. முதல் நாள் பார்த்த முகங்களை நம்பி மறுநாள் வாக்குச்சாவடியை நடத்த வேண்டும். தப்பு நடந்தால் சஸ்பெண்ட் ஆவது தலைமை அதிகாரி, அதாவது டெய்சி.

இந்தத் தடவை பாலசமுத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடம். குழுவினர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளப் பத்து நிமிஷம் ஒதுக்கும்படி பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். டெய்சி அரை மணி ஒதுக்கினாள். தன் கீழ் வேலை செய்ய வந்த மூன்று பேரையும் வட்டமாக உட்காரவைத்து, பிடித்த பலகாரம், பிள்ளைகள் படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நர்கீஸ் போனைப் பார்த்தபடியே பதில் சொன்னாள். அம்பிகா கொட்டாவி விட்டாள். ஒன்றிய அலுவலகத்து சடையாண்டியோ, தனக்கு எந்த வேலை என்று சொன்னால் போதும் என்று முடித்துக்கொண்டார். இதுகளை வைத்துக்கொண்டு எங்கே உருப்படுவது என்று டெய்சிக்கு வெறுத்துவிட்டது. இயந்திரத்துக்கு வைக்கும் முத்திரைகள் இருந்த சீல் பையைத் தோளைவிட்டு இறக்கவில்லை. அவர்கள் எழுதிய படிவங்களையெல்லாம் வாங்கிச் சிவப்புப் பேனாவால் டிக் அடித்தாள்.

காலையில் மாதிரி வாக்குப்பதிவு. கட்சி ஏஜெண்டுகள் முன்னால் ஐம்பது ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அவற்றை அழித்த பிறகுதான் இயந்திரத்துக்குச் சீல் வைக்க வேண்டும். நூறு தடவை படித்ததுதான். ஆனால் மணி ஆறேமுக்கால், வெளியே வரிசை நீண்டுவிட்டது. எண்ணிக் காட்டியதும் டெய்சி சீல் நூலுக்குக் கை நீட்டினாள். மேசையிலிருந்த நூலைச் சடையாண்டி எடுத்து வைத்துக்கொண்டார்.

"குடுங்க சார், நேரமாகுது" என்று சீறினாள்.

அவர் ஏஜெண்டுகள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கிட்ட வாங்க. டீச்சர் இப்ப அம்பதையும் அழிச்சு, சைபர் காட்டுவாங்க."

டெய்சிக்கு அப்போதுதான் உறைத்தது. அழிக்கும் பட்டனை அவள் தொடவே இல்லை. அந்த ஐம்பதோடு வாக்குப்பதிவு தொடங்கியிருந்தால் இருபத்தாறு வருஷ சர்வீஸ் சந்தி சிரித்திருக்கும். அமுக்கினாள். சைபர் வந்தது. ஏஜெண்டுகள் தலையாட்டினார்கள், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சீல் வைத்ததும் அவரை ஓரமாக அழைத்தாள். நன்றி சொல்லத்தான் போனாள், வாயில் வந்தது எரிச்சல். "இம்புட்டு அக்கறை உள்ளவரு, நேத்து ரெண்டு வார்த்தை பேசியிருந்தா என்ன சார்?"

"நேத்து கேள்வி கேட்டீங்க, டிக் அடிச்சீங்க. எங்கள வேலை செய்ய உட்டீங்களாங்க டீச்சர்?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் கூடுதலாக வந்தது. சீல் பையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தாள். சிவப்புப் பேனாவை மூடிக் கைப்பைக்குள் போட்டாள்.

ஏழு மணிக்கு முதல் வாக்காளர் உள்ளே வந்தார். நர்கீஸ் பட்டியலில் பெயரைத் தேடினாள். டெய்சி எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமல் உட்கார்ந்திருப்பதுதான் அன்றைக்கு அவள் செய்த பெரிய வேலை.