நாலு ஜி.பி. கார்டும் நான் சொன்ன பொய்யும்

அன்று அந்தக் கம்ப்யூட்டர் கடையில் இருந்தது நாங்கள் நான்கே பேர். நான், என் மனைவியின் தம்பி, கவுன்ட்டரில் இருந்த பெண், பழுதான லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு பெரியவர். கடை முதலாளி ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாததை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அவர் இருந்திருந்தால் பின்னால் நான் செய்த காரியத்தைச் செய்திருக்கவே முடியாது. இரண்டு வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, குமணன்சாவடியில் நடந்தது இது.

நான் ஏழாவது வரைதான் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலை, வீடு சேக்காட்டில். சுபாவத்திலேயே பயந்தவன். கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து எத்தனையோ தடவை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். ரோட்டில் சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் லாரி ஓட்டுகிற விளையாட்டு என்றால் எனக்கு உயிர். அதில் எவ்வளவு பெரிய லாரியை எங்கே கொண்டுபோய் இடித்தாலும் யாருக்கும் அடிபடாது, பாருங்கள்.

கம்ப்யூட்டர், எங்கள் கம்பெனி கழித்துக்கட்டிய பழைய பெட்டி. கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறவர்தான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றிக் கொடுத்தார். காசு கட்ட வேண்டாம், திருட்டு காப்பியும் இல்லை என்றார். திருட்டு காப்பி வைத்திருந்தால் போலீஸ் வருமோ என்று யோசிக்கிற ஆளுக்கு இதைவிட என்ன வேண்டும்? லாரி விளையாட்டும் அதில் ஓடியது. ஓடியது என்றா சொன்னேன்? சேற்றில் இறங்கிய மாட்டுவண்டி மாதிரி நகர்ந்தது. படத்தை வேகமாக ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்றைப் போட்டால் சரியாகும் என்றார்கள். எட்டு மாத ஓவர்டைம் பணம் கையில் இருந்தது. அது வாஷிங் மெஷினுக்காகச் சேர்த்த பணம். என் மனைவிதான், "எப்பப் பாரு எதுக்காவது பயந்துகினே கீற. இதுலயாவது சந்தோஷமா இரு, வாங்கிக்கோ" என்று சொல்லி அனுப்பினாள்.

கடையில் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வியே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்கு முன் நான் விசாரித்த யாரும் அதைக் கேட்டதில்லை.

"அண்ணா, உங்க பொட்டில விண்டோஸா, லினக்ஸா?"

லினக்ஸ் என்றேன். உள்ளே இருக்கிற பவர் சப்ளையின் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"ரெண்டுமே உங்க பவர் சப்ளைல ஓடும். ஆனா நீங்க செவப்ப எடுத்துக்கங்கண்ணா. இதுக்கு டிரைவர், அதான் கார்ட ஓட வைக்கிற சாஃப்ட்வேர், லினக்ஸ் கூடவே வந்துடும், சொருகினா போதும். இந்தப் பச்ச ரொம்பப் பழைய மாடல். அதுக்கு டிரைவர் தனியா போடணும், அந்தக் கம்பெனியே அத்த இப்ப கைவிட்டுட்டான். இன்னிக்கு ஓடும். ஒரு அப்டேட் வந்தா ஸ்கிரீன் கருப்பாயிடும்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் என் வழக்கப்படி அதையே மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும் முகம் சுளிக்காமல் சொன்னார்.

மச்சான் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மாமா, இங்க பாரு. செவப்புல மெமரி ரெண்டு ஜி.பி.தான் போட்டுக்கீது. பச்சைல நாலு. ரெண்டு பெருசா, நாலு பெருசா? ஏழாங்கிளாஸ்ல இத்தக்கூட சொல்லித் தரலியா?"

"பொட்டி மேல இருக்கிற நம்பர வச்சு எடுக்காதீங்கண்ணா" என்றார் அந்தப் பெண்.

"நாங்க போற கேம் சென்டர்ல எல்லாம் பச்சதாம்மா" என்று அவரை மடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான். "இன்னா மாமா, ஒரு கார்டு வாங்க இவ்ளோ நேரமா? எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் உன் லாரிய எடுப்பியா?"

பெரியவர் சிரித்துவிட்டார். "எத்தயாவது எடுப்பா. அந்தப் பொண்ணு ஃப்ரீ ஆனாத்தான் என் லேப்டாப்பு உயிரு பொழைக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பச்சையை எடுத்தேன். பெட்டி மேல் ஒட்டியிருந்த சீலைப் பிரிப்பதற்கு முன் அந்தப் பெண் சுவரைக் காட்டினார். சீல் பிரித்த பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று ஒட்டியிருந்தது. "நல்லா யோசிச்சீங்களாண்ணா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

நான்கு நாட்கள் ஓடியது. லாரி வழுக்கிக்கொண்டு போனது. ஐந்தாம் நாள் அப்டேட் செய்யவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. செய்யாவிட்டால் வைரஸ் வந்துவிடுமோ என்று பயந்து சரி கொடுத்தேன். திரும்ப ஆன் செய்தால் ஸ்கிரீன் கருப்பு. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது. கடையில் அந்தப் பெண் சொன்னது சொன்னபடியே நடந்துவிட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு மச்சானோடு கடைக்குப் போனேன். அன்று முதலாளி இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் குரல் கனமானது. விஷயத்தைச் சொல்லிப் பெட்டியைக் காட்டியதுமே, "சீல் ஒடச்சது எல்லாம் எடுக்க மாட்டோம் தலைவரே. போர்டு பாக்கலியா? லினக்ஸ்ல போய் யாராவது இத்தப் போடுவாங்களா? யார் சொன்னது உனக்கு?" என்று கேட்டார்.

யாராவது குரலை உயர்த்தினால் எனக்குத் தப்பித்தால் போதும் என்றாகிவிடும். எட்டு மாத ஓவர்டைம் கண்முன் வந்தது. வாஷிங் மெஷின் வந்தது. வெறுங்கையோடு வீட்டு வாசலில் நிற்பது வந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"உங்க கடைலதான் சொன்னாங்க. இந்தம்மாதான் இது லினக்ஸுக்கு ஒத்துவரும்னு குடுத்தாங்க."

அந்தப் பெண் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் போர்டில் ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நானாண்ணா சொன்னேன்?"

ஆமாம் என்று தலையாட்டினேன். மச்சான் வெளியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. முதலாளிதான் பேசினார். "உன்னய நம்பி கடைய உட்டுட்டுப் போனா இதான் லட்சணமா? சீல் ஒடச்ச பொட்டிய இனிமே பாதி வெலைக்குக்கூட எவன் வாங்குவான்? நஷ்டத்த உன் சம்பளத்துல புடிச்சிக்குவேன், சொல்லிட்டேன்." பிறகு என்னிடம், "கஸ்டமர் மேல தப்பு இல்ல தலைவரே" என்று சிவப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

அந்த நிமிடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

படியிறங்கும்போது, "அண்ணா, நில்லுங்க" என்று பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல். என்னைப் பிடித்துக் கேட்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கேட்கட்டும் என்றும் இருந்தது. அவரோ ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினார். "பழைய டிரைவர எடுக்காம இத்தப் போட்டீங்கனா மறுபடி கருப்பாத்தான் வரும். இதுல எழுதிக்கீற மாதிரி அடிங்க. ஸ்பெல்லிங் மாறாம பாத்து அடிங்க." நான்கு வரிகள். ஆங்கில எழுத்துகளை எனக்குப் புரிகிற மாதிரி தனித்தனியாக, பெரிதாக எழுதியிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பஸ்ஸில் மச்சான், "உடு மாமா, வேலைல இதெல்லாம் சகஜம்" என்றான். பூந்தமல்லி தாண்டும்வரை நான் அந்தத் துண்டுக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புக் கார்டு முதல் தடவையிலேயே ஓடியது. இன்று வரை எத்தனையோ அப்டேட் வந்துவிட்டது, ஒரு நாள்கூடக் கருப்பானதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அது கெட்டுப்போயிருந்தால்கூட ஏதோ ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். லாரியை எடுத்தால் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்ட முடியவில்லை. "ஆசைப்பட்டுத்தானே வாங்கின, ஏன் ஓட்ட மாட்டேங்கிற?" என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் திட்டவில்லை. "போய்ச் சொல்லிட்டு வா" என்றாள்.

அப்படியும் போவதற்கு எனக்கு மூன்று மாதம் ஆனது. இரண்டு தடவை குமணன்சாவடியில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று கடையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறித் திரும்பியிருக்கிறேன். மூன்றாம் தடவை உள்ளே போனபோது கவுன்ட்டரில் வேறு யாரோ இருந்தார்கள். அந்தப் பெண் வேலையை விட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது என்றார் முதலாளி.

அவரிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் பில் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணு ஒரு வார்த்த எதுத்துப் பேசலியே. அதனாலதான் தப்பு அது மேலன்னு நெனச்சேன்" என்றார். எவ்வளவு பிடித்தீர்கள் என்று கேட்டேன். சொன்னார். பணத்தை எடுத்து நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார். "எங்கிட்ட குடுத்து இன்னா பிரயோஜனம்? அது கையில குடு, போ. ஐயப்பன்தாங்கல் பக்கம் ஏதோ கடைன்னு சொல்லுச்சு." போன் நம்பர் கேட்டேன். பழைய நம்பர்தான் இருந்தது, அது வேலை செய்யவில்லை.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவில் ஆரம்பித்து மெயின் ரோட்டில் இருக்கிற கம்ப்யூட்டர் கடை ஒன்றுவிடாமல் ஏறி இறங்கிவிட்டேன். பெயர்கூடத் தெரியாமல் ஒரு ஆளைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இன்றும் லீவு நாளில் அந்தப் பக்கம் போனால், கடைகளின் கவுன்ட்டரை எட்டிப் பார்க்காமல் வருவதில்லை.

பயந்தவன் யாருக்கும் கெடுதல் செய்யமாட்டான் என்றுதான் அதுவரை என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சரியான வழியைச் சொன்னதற்காக அந்தப் பெண்ணின் சம்பளத்தில் பிடித்தது ஆயிரத்து அறுநூறு ரூபாய். அதை நான் இன்னும் கொடுக்கவில்லை.