மஞ்ச நோட்டீஸும் என் வீடும்

மரக்காணத்தில் நான் குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்திகள் அடுத்தடுத்து இரண்டு கோடையிலும் மழையில் போயின. வாரிக் குவித்த உப்பெல்லாம் கரைந்து ஓடியது. கடன்காரர்கள் வாசலில் நிற்கத் தொடங்கியதும், கடனைக் கட்ட வழியில்லை என்று திண்டிவனம் கோர்ட்டில் மஞ்ச நோட்டீஸ் கொடுத்துவிடுவது என நான்தான் முடிவெடுத்தேன். என் கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊரை ஏமாற்றி ஓடுகிறவர்கள் செய்கிற காரியம் அது என்பது அவர் எண்ணம்.

வக்கீல் என்னைவிடச் சின்ன வயதுப் பெண். எடுத்ததும் வீட்டைப் பற்றித்தான் கேட்டார்.

"பத்திரம் எங்கியாவது அடமானத்துல இருக்குதாங்க?"

"இல்லங்க மேடம். என் பேர்ல, பீரோவுலதான் இருக்குது."

"காரு?"

"ஃபைனான்ஸ்ல எடுத்ததுங்க. அதுவும் என் பேர்லதான்."

"அப்ப காரு போயிடும். ஆனா வீட்டுக்குப் போராடலாம். கூலி வேல செய்யறவங்க குடியிருக்கிற சொந்த வீட்ட ஜப்தி பண்ண முடியாது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. எதையாவது மறைச்சீங்கன்னா கோர்ட்டு நம்மள நம்பாது."

நாங்கள் ஏற்கெனவே மறைத்துத்தான் வைத்திருந்தோம். எக்கியார்குப்பத்தில் நாத்தனார் வீட்டுக் கொல்லையில், தார்ப்பாய்க்கு அடியில் அந்தக் கார் ஒரு வாரமாக நின்றிருந்தது. ஆரோவில்லில் தங்குகிறவர்களைச் சென்னை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக என் கணவர் ஆசையாக வாங்கிய கார்.

"அத மட்டும் உட்டுடு. காரு இருந்தா பொழச்சிக்கலாம்" என்றார், நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும்.

"ஒளிச்சி வெச்ச காரை எந்த ரோட்ல ஓட்டுவீங்க?"

மறுநாள் காலையில் நாத்தனார் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். இருவருமே ஏறி, கடற்கரைச் சாலையில் மெதுவாக ஓட்டிப் போய் ஃபைனான்ஸ்காரர்களின் ஷெட்டில் விட்டோம். சாவியைக் கொடுத்ததற்கு எழுதி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். டிக்கெட்டை அவரே எடுத்தார்.

வீட்டுக்குத்தான் சண்டை வந்தது. வட்டிக்குக் கொடுத்த ஒருவர், "அவங்க மொதலாளி. ஆள் வெச்சி வேல வாங்கினவங்க. அவங்களா கூலிக்காரங்க?" என்று எதிர்த்து மனு போட்டார். வீட்டை ஏலம் விட வேண்டும் என்றார்.

சொத்தைக் கணக்கெடுக்கக் கோர்ட் நியமித்த ரிசீவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்து, பளபளக்கும் ஷூவோடு வரப்பு மேலேயே நடந்து உப்பளத்துக்கு வந்துவிட்டார். குத்தகை கைவிட்டுப் போன பிறகு, அதே பாத்திகளில் நான் தினக்கூலிக்கு உப்பு வாரிக்கொண்டிருந்தேன்.

"பெட்டிஷன் போட்டது நீங்கதானா?"

"ஆமாங்க சார். இந்தப் பாத்திய முடிச்சிட்டு வந்துடறேன். பாதில உட்டா மேஸ்திரி திட்டுவாரு."

உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் காத்திருந்தார். நான் கரையேறியதும், "குத்தகை உங்ககிட்ட இருந்தப்பவும் நீங்களே வாருவீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"சார், ஆளுங்க நாலு பேரு. அஞ்சாவது ஆளு இவங்கதான். எல்லாருக்கும் முன்னாடி எறங்கறதும் இவங்கதான்."

ரிசீவர் அதையெல்லாம் அறிக்கையில் எழுதியிருந்தார். கார் தானாக ஒப்படைக்கப்பட்டது என்றும் எழுதியிருந்தார். நீதிபதி அதைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வக்கீல் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"என்னங்க மேடம் சொல்றாரு?"

"வீட்ட யாரும் தொட முடியாதுன்னு சொல்றாரு. உங்க வீடு உங்களுக்குத்தாங்க!"

அதுவரை கடன்காரர்களுக்குப் பயந்து சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நடுத்தெருவில் நடந்தேன். தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் குசுகுசுத்தார்கள்.

"ஆமாக்கா, மஞ்ச நோட்டீஸ் குடுத்தேன். காரு போச்சி. வீட்ட ஜெயிச்சிட்டேன்" என்றேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

மறுநாள் அவர்களில் ஒருத்தி, முந்தானையில் தன் வீட்டுப் பத்திரத்தை மறைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்கும் கடன் கழுத்தை நெரிக்கிறதாம், வக்கீல் நம்பர் வேண்டுமாம். நம்பரைக் கொடுத்ததோடு விடவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் அவளுக்கும் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொடுத்து, நானே கூட்டிப்போனேன்.