சிவப்புப் பொட்டு வைத்த சிடி

தியாகதுருகம் பக்கம் மைக்செட் என்றால் லாரன்ஸ்தான். காதுகுத்து, கருமாதி, மாதா கோயில் தேர், எதுவானாலும் அவர் பெட்டிதான் பாடும். கேசட் போய் சிடி வந்தபோது மனிதர் சலிக்கவில்லை. சிடி போய் பென்டிரைவ் வந்தபோது சலித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பிப்பது என்றால் யாருக்குத்தான் தெம்பு இருக்கும்? இருந்த பாட்டையெல்லாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றி முடித்தார்.

"இனிமே மூட்ட தூக்குற வேல இல்ல. எல்லாம் இதுக்குள்ள இருக்குது" என்று மனைவி ஆனந்தமேரியிடம் காட்டினார்.

"அது கீழ வுழுந்தா?" என்று கேட்டாள் அவள்.

முதுகுவலிக்காரனுக்கு அந்த மாதிரிக் கேள்வியெல்லாம் காதில் ஏறாது.

மீந்த சிடிகளுக்கு எங்கள் பக்கம் ஒரு வழி வைத்திருக்கிறோம். மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது கிளி கூட்டமாக வந்து இறங்கும். சிடியின் நடு ஓட்டையில் நூல் கோத்துக் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளீர் பளீரென்று அடிக்கும், கிளி மிரண்டு ஓடும். நாலு நாளில் கிளிக்கும் அது பழகிவிடும் என்பது வேறு விஷயம். நாராயணசாமி தன் சோளக் கொல்லைக்குக் கேட்டார் என்று லாரன்ஸ் மூட்டையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். பிரித்துப் பார்க்கக்கூட அலுப்பு. ஆனந்தமேரி நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்திருந்த சிடியும் அதோடு போனது. யாருக்கும் இரவல் தரக்கூடாது என்பதற்கு அவள் வைத்த அடையாளம் அது. ஈஸ்டருக்குக் கோயிலில் அவள் தனியாகப் பாடியதை லாரன்ஸே பதிவு செய்த சிடி.

போன வருடம் சிறுநீரகம் கெட்டு ஆனந்தமேரி போய்ச் சேர்ந்தாள். வருடப் பூசைக்கு அம்மா பாடிய பாட்டைப் போட வேண்டும் என்று மகள் ஏஞ்சலின் சென்னையிலிருந்து போன் செய்தாள். அதற்கென்ன, போட்டால் போயிற்று என்றார் லாரன்ஸ். அந்த வாரமே ஒரு சாவு ஊர்வலத்தில் ஆடிக்கொண்டு வந்தவனின் முழங்கை பட்டு ஹார்ட் டிஸ்க் சிமெண்டு ரோட்டில் விழுந்தது.

கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் சுபாஷ் அதைக் காதோரம் வைத்துக் கேட்டான். "உள்ள டக்கு டக்குங்குதுண்ணா. இது தேறாது. இன்னொரு காப்பி போட்டு வக்கலியா?"

லாரன்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்ற பாட்டெல்லாம் போனால் போகட்டும், எவன் போனைத் தட்டினாலும் வரும். அவள் பாட்டு எவன் போனில் வரும்?

மறுநாள் உச்சி வெயிலில் நாராயணசாமி கொல்லைக்குப் போய் நின்றார்.

"இன்னா லாரன்ஸு, இந்த வெயில்ல வந்துகினு இருக்கிற? சோளம் அறுத்தப்பவே அதையெல்லாம் அவுத்துப் போட்டாச்சேப்பா" என்றார் நாராயணசாமி.

அவர் மனைவி பாப்பாத்திதான் யோசித்துச் சொன்னாள். "மோட்டார் கொட்டாயாண்ட கொஞ்சம் தொங்குதுங்க. மயிலு வருதுன்னு நான் கட்டுனது."

அங்கே தொங்கியவற்றில் முக்கால்வாசி வெளுத்துக் கண்ணாடியாகியிருந்தன. கூரை இறவாணத்தின் நிழலில் ஒன்று மட்டும் மெல்லத் திரும்பியது. முதுகில் சிவப்புப் பொட்டு. ஓரம் உரிந்து, நடுவில் கீறல் விழுந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நூலைப் பல்லால் கடித்து அறுத்து எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பழைய பிளேயரைத் தூசி தட்டிப் போட்டார். கரகரவென்று இழுத்தது. பிறகு அவள் குரல். "இன்னாங்க, மைக்கு ஆன்ல இருக்குதா? எனக்குத் தொண்ட கட்டிக்கினு இருக்குது." ஒரு இருமல். பாட்டெடுக்க மூச்சு இழுத்தாள். அதோடு திக்கித் திக்கி நின்றது. எத்தனை தடவை துடைத்துப் போட்டாலும் அந்த மூச்சுக்கு அப்புறம் ஒன்றுமில்லை.

ஹார்ட் டிஸ்கில் ஏற்றும்போது, பாட்டுக்கு முன்னால் என்ன பேச்சு என்று இந்தத் துண்டைத்தான் அவர் வெட்டிப் போட்டிருந்தார்.

இப்போது அதை மூன்று பென்டிரைவில் ஏற்றினார். ஒன்று பீரோவில் அவள் புடவைக்குள், ஒன்று சுபாஷ் கடையில், ஒன்று சட்டைப் பையில். ஏஞ்சலினுக்கும் போனில் அனுப்பினார்.

"பாட்டு எங்கப்பா?" என்றாள் மகள்.

"பாட்டு போச்சும்மா."

இருந்தாலும் பூசை முடிந்ததும் இதையே போடச் சொன்னாள் ஏஞ்சலின். லாரன்ஸ் வழக்கம்போல் கோயில் மூலையில் மிக்சர் முன்னால் உட்கார்ந்து பட்டனைத் தட்டினார். நான்கு சுவரிலும் மோதி அவள் குரல் வந்தது. "இன்னாங்க, மைக்கு ஆன்ல இருக்குதா?"

லாரன்ஸ் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு, "இருக்குது மேரி, பாடு" என்றார்.